முகத்தை மாற்றினாள், கையை மாற்றவில்லை

"ஏட்டி, நிறுத்து! நிறுத்துங்கேன்லா!"

முத்துவடிவு போட்ட சத்தத்தில் ஸ்ரீரஞ்சனி கையிலிருந்த காப்பி பாதி சட்டையில் கொட்டியது. தென்காசி கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடியறை, வெள்ளிக்கிழமை மத்தியானம். கணினித் திரையில் ஒரு கை அசையாமல் நின்றது. வரைந்த கைதான். பீடியின் வாயை மடக்கி உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது கட்டைவிரல். அதன் நகம் நீண்டு, ஓரம் கறுத்து, நுனி லேசாக ஒரு பக்கம் சரிந்திருந்தது.

வடிவு தன் கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

"இது என் கையில்லா?"

"உங்க கைதான்க்கா," என்றாள் ரஞ்சனி. முகமெல்லாம் பூரிப்பு. "இந்த ஒரு மடக்குக்கு மட்டும் நாப்பத்திரண்டு படம் வரைஞ்சேன். எப்படி வந்திருக்கு?"

"பாவி, என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியேட்டி."

ரஞ்சனிக்குப் புரியவில்லை. எப்படிப் புரியும்? பீடி சுற்றுகிற தெருவில் பிறந்திருந்தால் அல்லவா புரியும். பீடியைச் சுருட்டி நூல் கட்டியபின் அகன்ற வாயை உள்ளே மடக்குவதற்கு எல்லாப் பெண்களும் ஒரு தகரக் குச்சி வைத்திருப்பார்கள். கீழப்பாவூரில் வடிவு ஒருத்திதான் நகத்தால் மடக்குகிறவள். கல்யாணமான புதிதில் ஒரு நாள் குச்சி தொலைந்துபோக, அவசரத்துக்கு ஆரம்பித்த பழக்கம். இருபத்திரண்டு வருடமாக அதுவே நின்றுவிட்டது. குச்சியால் மடக்கிய வாய் தட்டையாக இருக்கும். வடிவு மடக்கினால் நடுவில் சின்னதாக ஒரு பள்ளம் விழும். கடையில் கட்டுகளைச் சோதித்து வாங்குகிற பாண்டித்துரை, யார் கொண்டுவந்தது என்று கேட்காமலேயே, "இது வடிவு கை" என்று சொல்லிவிடுவார்.

படமோ அந்தப் பாண்டித்துரையைப் பற்றியது.

பெயர் சொல்லவில்லை, கடை பெயர் இல்லை, ஊர் பெயர் இல்லை. ஒன்பது நிமிடப் படம். காய்ச்சலோடு ஒரு பெண் பீடிக்கட்டுகளைக் கடைக்குக் கொண்டுபோகிறாள். சோதிப்பவர் ஒவ்வொரு கட்டாக எடுத்துப் பார்த்து, கழிவுக் கூடையில் வீசுகிறார். சரியில்லையாம், கூலி கிடையாதாம். அவள் தலைசுற்றித் தண்ணீர் குடிக்கப் பின்னறைப் பக்கம் போகிறாள். அங்கே கழித்த கட்டுகள் எல்லாம் நல்ல கட்டுகளோடு சேர்ந்து பெட்டியில் ஏறிக்கொண்டிருக்கின்றன. அவ்வளவுதான் கதை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆடி மாதத்தில் வடிவு கண்ணால் கண்டது. புருஷன் நயினாரிடம் மட்டும் சொன்னாள். "வாய மூடிக்கிட்டு இரி. கார்டு போயிரும்," என்றான் அவன். கடையில் இலை வாங்குகிற கார்டு போனால் போனதுதான். ஒரு கடையில் நிறுத்தினால் சுற்றுவட்டாரத்தில் எவனும் அவளுக்கு இலை கொடுக்க மாட்டான்.

அப்படி வாயை மூடியிருந்தவள் ரஞ்சனியிடம் வாயைத் திறந்தது எப்படி என்று கேட்டால், எல்லாம் அந்த அனிமே செய்த வேலை.

சுற்றும்போது கண்ணுக்கு வேலை கிடையாது. கை தன் போக்கில் ஓடும். அதனால் எல்லாப் பெண்களும் புகையிலைத் தூள் டப்பாவில் போனைச் சாத்திவைத்து சீரியல் பார்ப்பார்கள். வடிவும் பார்த்தாள். மாமியார் முறைப்பதை மூன்று பக்கமிருந்து காட்டுகிறார்கள், அலுத்துவிட்டது. ஒரு நாள் போன் தானாக எதையோ தள்ளிவிட்டது. தமிழில் பேசுகிற ஜப்பான் பொம்மைப்படம். அதில் ஒரு பெண் சோற்றை உள்ளங்கையில் வைத்து உருட்டினாள். விரலில் ஒட்டிய ஒரு பருக்கையை வாயால் எடுத்தாள். வடிவு சுற்றுவதை நிறுத்திவிட்டாள். அந்தப் பருக்கையை யாரோ ஒருவர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார்! கேமரா வைத்துப் பிடித்தால் பருக்கை தானாக விழும், வேண்டுமோ வேண்டாமோ. வரைகிறபோது யாராவது ஆசைப்பட்டால்தான் அங்கே ஒரு பருக்கை இருக்கும். இதை வடிவு இவ்வளவு வார்த்தையில் சொல்லமாட்டாள். "பாத்துப் பாத்துச் செஞ்சிருக்கான்," என்பாள். அவளுக்குத் தெரிந்த பெரிய பாராட்டு அதுதான்.

நயினார் குற்றாலத்தில் ஆட்டோ ஓட்டுகிறவன். சினிமாப் பைத்தியம். ஒரு அருவிப் பாட்டுக் காட்சியில் அவன் ஆட்டோவும் அவன் முழங்கையும் வந்திருக்கின்றன. அந்த முழங்கையை அவன் காட்டாத விருந்தாளி கிடையாது.

"கோட்டி புடிச்சவளே, நெச மனுசன் நடிக்கத விட்டுட்டு பொம்மயப் பாக்கியே. அதுல உயிரு இருக்கா?"

"உங்க அருவிப் பாட்டுல இருந்துச்சோ? கோடையில தண்ணி இல்லன்னு மேல இருந்து லாரித் தண்ணிய ஊத்துனாவன்னு நீங்கதான சொன்னிய?"

"அது வேற."

"என்ன வேற? போன மாசம் பாத்தமே, பீடி சுத்துத பொண்ணா ஒரு நடிகை. நகப்பூச்சு மினுங்குது. இலையப் பிடிக்கத் தெரியல, பீடி சுத்துதாளாம். அவ மொகத்தையே காட்டுதான், கையக் காட்டுனா வண்டவாளம் வெளிய வந்துரும்லா!"

நயினார் முழங்கையைத் தடவிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

ஸ்ரீரஞ்சனி முதலில் கேமராவோடுதான் வந்தாள். அவள் குடும்பம் சென்னைக்குப் போய் முப்பது வருடமாகிறது. இவள் மட்டும் பூர்வீக வீட்டு மாடியில் உட்கார்ந்து, எங்கேயோ உள்ள கம்பெனிக்காகப் படங்கள் வரைந்து அனுப்புகிறாள். சொந்தமாக ஒரு படம் எடுக்க ஆசை. கேமராவைப் பார்த்ததும் தெருப் பெண்கள் எல்லோரும் தலையில் பூ வைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, "எங்களுக்கு ஒரு கொறையுமில்ல" என்றார்கள். வடிவு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ரஞ்சனி கேமராவை மடக்கி வைத்துவிட்டு, பையிலிருந்து நோட்டை எடுத்து, சும்மா அவள் கையை வரைய ஆரம்பித்தாள்.

"நீங்க பொம்மைப்படம் போடுத ஆளா?" என்று வடிவு கேட்டாள். "மொகத்த வேற மாதிரி வரைய முடியுமா?"

"மூக்கு, கண்ணு, ஊரு, எல்லாத்தையும் மாத்தலாம்க்கா."

அன்றைக்கே வடிவு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பாண்டித்துரை கட்டை எப்படி எடுப்பார், எப்படி வீசுவார் என்று எழுந்து நின்று நடித்தே காட்டினாள். மனசு லேசாகியது. ரஞ்சனியை அவள் "ஏட்டி" என்று கூப்பிட ஆரம்பித்ததும் அன்றிலிருந்துதான்.

ரஞ்சனியும் சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள். படத்தில் வந்த பெண்ணுக்கு வட்ட முகம், கன்னத்தில் மச்சம், வேறு நிறம். வடிவின் அம்மாவே பார்த்தாலும் மகள் என்று சொல்லமாட்டாள். ஆனால் கையை மட்டும் ரஞ்சனி மாற்றவில்லை. அவ்வளவு நாள் பார்த்துப் பார்த்து வரைந்த கை. மாற்ற வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

இப்போது விஷயம் விளங்கியதும் ரஞ்சனியின் முகம் செத்துவிட்டது.

"ஞாயித்துக்கிழமை குற்றாலத்துல வாசகர் வட்டத்துல படம் காட்டறோமே, அங்க அவர் வருவாரா?"

"ஏன் வராம? அந்தக் கூட்டத்த நடத்துததே சுகந்தி டீச்சர்தான. அது அவரு பொஞ்சாதில்லா."

ரஞ்சனிக்கு அது தெரியாது. குற்றாலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வாசகர் வட்டத்துக்காரர்கள் குறும்படம் காட்டுகிறார்கள், நல்ல டீச்சர் ஒருத்தர் ஆர்வமாகக் கேட்டார் என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும். வடிவுக்கோ டீச்சரைத் தெரியும். இந்தப் படத்தை அங்கேதான் காட்டப்போகிறார்கள் என்பதை இன்றைக்குத்தான் கேட்கிறாள். இப்படியும் ஒரு கிரகசாரம்.

"படத்தையே நிறுத்திடறேன்க்கா. உடம்பு சரியில்லைன்னு சொல்லிடறேன்."

சரி என்று சொல்ல வடிவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் எட்டு மாதம் இந்தப் பெண் கண் சிவக்க உட்கார்ந்து வரைந்திருக்கிறாள். அதைவிட, சொன்னால் வெட்கக்கேடு, அந்தப் படத்தைப் பெரிய திரையில் பார்க்க வடிவுக்கே ஆசையாக இருந்தது. தன் கதையை யாரோ இவ்வளவு பிரயாசைப்பட்டுச் செய்வார்கள் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

"கைய மட்டும் மாத்த முடியாதா?"

"முடியும். நாலு இடத்துலதான் கிட்டக்க வருது. கேமராவுல எடுத்திருந்தா உங்களையே திரும்பக் கூப்பிட்டு எடுக்கணும். இது வரைஞ்சதுதானே. நகத்தை எடுத்துட்டு ஒரு குச்சி வச்சிடலாம். நாளைக்கு வாங்க, நீங்க குச்சியால மடக்கிக் காட்டுங்க, அதைப் பார்த்து வரைஞ்சுடறேன்."

சனிக்கிழமை காலையில் பக்கத்து வீட்டுக்காரியிடம் தகரக் குச்சி இரவல் வாங்கிக்கொண்டு வடிவு பஸ் ஏறினாள். ரஞ்சனி போனை நிறுத்திவைத்துப் படம் பிடித்தாள். வடிவு இலையை எடுத்தாள், தூளைப் பரப்பினாள், சுருட்டினாள், நூல் கட்டினாள். இதுவரை தண்ணீர் பட்ட பாடு. குச்சியைக் கையில் எடுத்ததும் விரல்கள் அடம்பிடித்தன. குச்சி வழுக்கியது. வாய் பிளந்துகொண்டது. கட்டைவிரல் தானாக முன்னே வந்து நகத்தைக் கொடுத்தது. அதைப் பின்னால் இழுக்க வேண்டியிருந்தது. இருபது பீடி பாழ்.

"பரவாயில்லக்கா, இது போதும்," என்று சொல்லி ரஞ்சனி வரைய உட்கார்ந்தாள். மத்தியானம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. வடிவு பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து, பாழான பீடிகளைப் பிரித்துத் தூளைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்கு ரஞ்சனி ஒரு சின்னத் துண்டை ஓட்டிக் காட்டினாள்.

கை வந்தது. குச்சியைப் பிடித்தது. மடக்கியது. யாருடைய கையாகவும் இருக்கலாம் அது. ரஞ்சனி நன்றாகவே வரைந்திருந்தாள், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கைக்கு வேலை தெரியவில்லை. மேலே இருந்த முகம் இருபது வருடம் சுற்றிய முகம். கீழே இருந்த கை நேற்று வந்த கை.

வடிவு இரண்டு தடவை பார்த்தாள். மூன்றாவது தடவை ஓட்டச் சொல்லவில்லை.

"சவம், இது அந்த நகப்பூச்சுக்காரி கைலா!"

"அக்கா?"

"சினிமாவப் பாத்து நான் எம்புட்டு ஏசியிருக்கேன். இப்ப நானே அதச் செய்யச் சொல்லுதேன். அழிச்சிரு. பழசையே வையி."

"வேலை போயிடுச்சுன்னா?"

"போவும்," என்றாள் வடிவு. "பயமாத்தான் இருக்கு. என்ன செய்யச் சொல்லுத? ஆனா பீடி சுத்துதவ ஒருத்தி பாத்துட்டு, 'இவளுக்குச் சுத்தத் தெரியல'ன்னு சொல்லிட்டான்னா, அந்தக் கதைய எவ நம்புவா?"

வீட்டுக்கு வந்து நயினாரிடம் சொன்னாள். அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். "உனக்குத் திமிரு கூடிப்போச்சு," என்றான். கடைசியில், "நாளைக்கு நான் ஆட்டோவுல கொண்டு விடுதேன். நீ தனியாப் போவாத," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் திமிலோகப்பட்டது. சாரல் பிடித்துக்கொண்டு, அருவியில் குளிக்க எண்ணெய் வழிய வழிய ஆட்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நடந்தார்கள். ரஞ்சனி வேன் பிடித்துத் தெருப் பெண்கள் பன்னிரண்டு பேரை ஏற்கெனவே மண்டபத்தில் இறக்கியிருந்தாள். வடிவு மூன்றாவது வரிசையில் அவர்களுக்கு முன்னால் உட்கார்ந்தாள். முதல் வரிசை ஓரத்தில் பாண்டித்துரை, வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல். பக்கத்தில் சுகந்தி டீச்சர். பாண்டித்துரை திரும்பிப் பார்த்து, "என்ன, கடையே இங்கன வந்திருக்கு?" என்று சிரித்தார். பெண்களும் சிரித்தார்கள். வடிவுக்குச் சிரிப்பு வரவில்லை.

விளக்கை அணைத்தார்கள்.

முதலில் மழைச் சத்தம். ஓட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீர். நனைத்து வைத்த இலைக்கட்டு, அதன்மேல் ஒரு ஈ. பின்னாலிருந்த பெண்களில் ஒருத்தி, "ஏ, ஈயக்கூட விடலியே!" என்றாள். வட்ட முகக்காரி வந்தாள். இலையை வெட்டினாள், சுருட்டினாள். திரை முழுக்கக் கட்டைவிரல் வந்தது. நகம் வாயை மடக்கி, உள்ளே தள்ளி, நடுவில் ஒரு பள்ளம் வைத்தது.

மண்டபத்தில் பாதிப் பேருக்கு அது ஒரு விரல். பன்னிரண்டு பெண்களுக்கு அது வடிவு. முதுகுக்குப் பின்னால் மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது. "எம்மா, வடிவுல்லா!" என்று ஒருத்தி கிசுகிசுத்தாள். இன்னொருத்தி வடிவின் தோளைத் தொட்டு அழுத்தினாள்.

பாண்டித்துரையின் கழுத்து நேரானது. மெதுவாகத் திரும்பினார். இருட்டில் வரிசை வரிசையாகத் தேடிக்கொண்டு வந்த கண் வடிவிடம் நின்றது. அவள் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள். எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது.

படத்தில் கடை வந்தது. மேசை வந்தது. சோதிக்கிறவரின் முகத்தை ரஞ்சனி வரையவே இல்லை. சட்டைக் கையிலிருந்து வெளியே வருகிற ஒரு கை மட்டும்தான். அது ஒரு கட்டை எடுத்தது. ஆள்காட்டி விரலை மட்டும் கொக்கி போலத் தூக்கி வைத்துக்கொண்டு, கட்டை மேசை விளிம்பில் இரண்டு தட்டு தட்டியது.

சுகந்தி டீச்சர் பக்கென்று சிரித்துவிட்டார்.

"ஏங்க, இங்க பாருங்களேன்! உங்க கைலா இது! காப்பி டம்ளரத் தட்டுவியளே, அப்படியே இருக்கு!"

சிரிப்பு மண்டபம் முழுக்கக் கேட்டது. எத்தனை பிரியமாகச் சிரித்தார் அந்த அம்மாள்! இருபது வருடம் பார்த்த கை அல்லவா. திரையில் அந்தக் கை கட்டைக் கழிவுக் கூடையில் வீசியது. அடுத்ததை எடுத்தது, விரலைத் தூக்கி இரண்டு தட்டு, வீச்சு. மறுபடி ஒன்று. டீச்சரின் சிரிப்பு தேய்ந்துகொண்டே வந்து நின்றது. காய்ச்சல்காரி சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். கழித்த கட்டுகள் பெட்டியில் ஏறின. அதே கை பெட்டியை மூடியது.

டீச்சர் திரையைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாண்டித்துரை வலதுகையைத் தொடைக்கு அடியில் சொருகிவைத்திருந்தார்.

வடிவுக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு நாளாகத் தன் கையை நினைத்தே செத்துக்கொண்டிருந்தாள். தான் நடித்துக் காட்டிய இன்னொரு கையை மறந்தே போயிருந்தாள். ரஞ்சனி மறக்கவில்லை. தூக்கிய ஆள்காட்டி விரலைக்கூட விடாமல் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறாள், பாவி மகள்.

விளக்கு வந்ததும் கைதட்டினார்கள். டீச்சர் மேடையேறி ரஞ்சனிக்குத் துண்டு போர்த்தினார். ஒலிபெருக்கியை வாங்கினார். "நல்ல படம்," என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். புருஷன் உட்கார்ந்திருந்த பக்கம் போகாமல் வேறு வாசல் வழியாக வெளியே போனார்.

திங்கட்கிழமை விடிந்தது. நயினார், "இன்னைக்கு மேலுக்குச் சொகமில்லன்னு இருந்துரேன்," என்று கெஞ்சிப் பார்த்தான். வடிவு கட்டுகளைத் துணியில் முடிந்துகொண்டு கிளம்பினாள். ஒளிந்து உட்கார்ந்தால் இன்றைக்கு ஒரு நாள் தப்பலாம், நாளைக்கு?

கடையில் வழக்கம்போல வரிசை. ஆனால் முன்னால் நின்றவர்கள், வேலை முடிந்தும் போகாமல் சுவரோரமாக நின்றார்கள். வடிவின் முறை வந்தது. பாண்டித்துரை முடிச்சை அவிழ்த்தார். ஒரு கட்டை எடுத்தார். வாயில் பள்ளம் விழுந்திருக்கிற கட்டு.

"நீதான சொன்ன?" என்றார், தலை நிமிராமல்.

இல்லை என்று சொல்லலாம். முகம் வேறு, ஊர் வேறு, எத்தனையோ பேர் நகத்தால் மடக்குவார்கள் என்று சாதிக்கலாம். அதற்குத்தானே முகத்தை மாற்றியது.

"ஆமா அண்ணாச்சி. நான்தான்."

பாண்டித்துரையின் ஆள்காட்டி விரல் பழக்கத்தில் மேலே எழும்பியது. சுவரோரமாக நின்ற அத்தனை பேரும் அந்த விரலைத்தான் பார்த்தார்கள். முகத்தை ஒருத்தியும் பார்க்கவில்லை. விரல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. அப்புறம் மடங்கியது. அவர் கட்டை எடுத்து நல்ல கூடையில் வைத்தார். அடுத்ததையும் வைத்தார்.

இலை நிறுத்துக் கொடுக்கும்போது சாக்கின் அடியில் கிடந்ததாகப் பார்த்து அள்ளிப் போட்டார். பாதிக்கு மேல் பொத்தல், மீதி முறுகல். வேண்டுமென்றே செய்தது என்று பார்த்தவுடனே தெரிந்தது. வடிவு அதை வாங்கித் துணியில் முடிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து ஈரத்துணியில் சுற்றிவைத்து, பொத்தலை விலக்கி விலக்கி வெட்டி, போன்கூடப் போடாமல் பொழுது சாயும்வரை சுற்றினாள். மறுநாள் அவளுடையதில் ஒரு கட்டுகூடக் கழியவில்லை.